மீட்டர் 12.7 காட்டியது

"அண்ணே, நைட்டுக்கு சார்ஜர்ல போட்டுடட்டுமா?"

"வேணாம்டா. 12.7 இருக்கு, போதும்."

டிரெய்லர் இழுக்கும் டிரைவர் பையனுக்கும் எனக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். இது நடந்தது 2024 டிசம்பர் முதல் வாரத்தில். இன்றும் டிரெய்லரின் பேட்டரி பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்த இரண்டு வரியும் காதில் விழுகிறது. எங்கே தப்புச் செய்தேன் என்று பார்க்கிறேன். சில நாள் தப்பே இல்லை என்று தோன்றும். சில நாள் அது தவிர வேறெதுவும் தோன்றாது.

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறி, அதற்கு மறுநாள் ராத்திரி சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கனஅடி வரை திறந்துவிட்டு, தென்பெண்ணைத் தண்ணீர் கடலூரில் வீடு வீடாகப் புகுந்து வடிந்த நாட்கள். தண்ணீர் போனபின் சேறு நின்றது. ஊறிப்போன மெத்தை, பீரோ, பாடப்புத்தகம் எல்லாம் சேற்றோடு கலந்து தெருவில் குவிந்து கிடந்தது. எங்கள் காண்டிராக்டரின் டிப்பர் டிரெய்லர்கள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஓடின. அதில் ஒன்று மட்டும் டிராக்டர் ஹைட்ராலிக்கை நம்பாதது. தொட்டியைத் தூக்க மோட்டாரும் ஹைட்ராலிக் பம்பும் சேர்ந்த 12 வோல்ட் பவர் பேக், அதற்குத் தனி பேட்டரி. எந்த டிராக்டர் கிடைத்தாலும் மாட்டி இழுக்கலாம் என்பதற்காக உள்ளூர்ப் பட்டறையில் அப்படிச் செய்தோம். பேட்டரி முன்னால் மூக்கில், பவர் பேக் மட்டும் தொட்டிக்கு அடியில் சேசிஸ் நடுவே. அந்த இடத்தில் வைக்க ஒத்துக்கொண்டதும் நான்தான்.

அந்த மோட்டார் தொட்டியைத் தூக்கும்போது 180 ஆம்பியர் வரை இழுக்கும். தூக்க அரை நிமிஷம். கணக்குப் போட்டால் ஒரு கொட்டுக்கு 1.5 ஆம்பியர்-அவர், அதாவது ஒரு ஆம்பியரை ஒன்றரை மணி நேரம் இழுப்பதற்குச் சமம். 100 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு இது ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். ஆனால் அன்றெல்லாம் ஒரு நாளைக்கு 20 நடை. 30 ஆம்பியர்-அவர் போகிறது. திரும்பி வருவது டிராக்டரிலிருந்து வரும் வயர் வழியாக மட்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், போக வர 16 மீட்டர். அதில் 10 ஆம்பியர் போனால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே செத்துவிடும். ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் கொடுத்தாலும் பேட்டரிக்கு வந்து சேர்வது 13-க்கும் கீழே. போதாக்குறைக்கு நடை தூரம் குறைவு, அரை கிலோமீட்டர் போய்க் கொட்டிவிட்டு வருவது. பேட்டரி வயிறு நிறைய நேரமே இல்லை. மூன்று நாளாக அரை வயிற்றோடு ஓடிக்கொண்டிருந்தது. இதெல்லாம் இப்போது ஒரு தாளில் வரிசையாக எழுத வருகிறது. அன்று சாயங்காலம் என் தலையில் இதில் ஒன்றுகூட இல்லை.

அவன் கேட்டபோது டிராக்டரை அப்போதுதான் அணைத்திருந்தான். நான் மல்டிமீட்டரை வைத்தேன். 12.7. நிறைந்த பேட்டரி காட்டும் எண் அது. ஆனால் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த பேட்டரியை நிறுத்திய கையோடு அளந்தால் மேலோட்டமாக நிற்கும் வோல்ட்டேஜைத்தான் மீட்டர் காட்டும். சில மணி நேரம் ஆறவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்சம் லோடு கொடுத்துவிட்டு அளக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை. புதிதாக வரும் பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுப்பது.

அதைவிட உறுத்துவது இன்னொன்று. மீட்டரை வைப்பதற்கு முன்பே அவன் சொன்னான்: "கடைசி ரெண்டு நடையில மோட்டார் முக்குதுண்ணே." நான் அதற்குப் பதிலே சொல்லவில்லை. மீட்டரை மட்டும் அவன் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

சார்ஜரில் ஏன் போடவில்லை? கரண்ட் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் ஒன்றுதான். சார்ஜரும் ஒன்றுதான், அதில் லோடரின் பேட்டரி கிடந்தது. எல்லாம் நிஜம். ஆனால் லோடர் பேட்டரி ராத்திரி 10 மணிக்கே நிறைந்துவிட்டது. அதைக் கழற்றி இதை மாட்டியிருந்தால் விடிவதற்குள் 10 ஆம்பியரில் நிறைந்திருக்கும். ஜெனரேட்டரில் டீசலும் இருந்தது. நான் களைத்துப் போயிருந்தேன். கிடைத்த எண் எனக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் 11 மணி இருக்கும். அவன் கொட்டும் இடத்தில் இருந்தான், நான் நூறடி தள்ளி வேறொரு வண்டியின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சத்தம் இழுத்து இழுத்து நின்றது. தொட்டி பாதி உயரத்தில் நிற்கிறது, சேறு வழுக்கவில்லை. அவன் மேல் பட்டனையே திரும்பத் திரும்ப அழுத்தினான். டக், டக் என்று மோட்டாருக்குக் கரண்ட் விடும் சொலினாய்டு சுவிட்ச் தட்டியதுதான் மிச்சம். கொஞ்சநஞ்சம் இருந்த சார்ஜும் அதில் போயிற்று. பிறகு இறக்கப் பார்த்தால் இறக்கும் வால்வு திறக்கவும் கரண்ட் இல்லை. வால்வில் கையால் திறக்க ஒரு குமிழ் உண்டு. அது தொட்டிக்கு அடியில். முட்டு கொடுக்காமல் அடியில் போகக்கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். முட்டுக் கட்டை எங்கே என்று பார்த்தால் யார்டில். பின்னால் மூன்று டிராக்டர் நின்று ஹாரன் அடிக்கிறது.

நான் பார்த்து "டேய்" என்று கத்துவதற்குள் உள்ளே போய்விட்டான்.

தொட்டி இறங்கியது. மெதுவாகத்தான் இறங்கியது. அவன் உருண்டு வெளியே வந்துவிட்டான், முழங்கை தோல் உரிந்து ரத்தம். ஒரு செருப்பு மட்டும் உள்ளே. நீல வார் ரப்பர் செருப்பு, சேசிஸுக்கும் தொட்டிக்கும் நடுவே அப்பளம் மாதிரி நசுங்கி, வார் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார். வண்டி நிற்பதைப் பார்த்தார், கேட்டார்: "நைட்டு பேட்டரிய சார்ஜ் போடலியாடா?"

அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். "மறந்துட்டேன் மொதலாளி" என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை. அரை நாள் கூலி பிடித்தார்கள். சனிக்கிழமை அந்தப் பணத்தை என் கையிலிருந்து அவனிடம் கொடுத்தேன், எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் ஏன் அப்படிச் சொன்னான்? என்மேல் மரியாதையா? உண்மையைச் சொன்னால் நான் அடுத்த மாதம் அவனை வேலைக்குக் கூப்பிட மாட்டேன் என்ற பயமா? மரியாதை என்று நினைத்துக்கொள்ளத்தான் ஆசை. பயம் என்றால் நான் யார் என்று அவன் அளந்து வைத்திருக்கிறான் என்றாகிறது. எந்த அளவில் என்று கேட்கத் துணிவில்லை.

அன்று மத்தியானம் பெட்டியைத் திறந்தேன். நெகட்டிவ் டெர்மினல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடந்தது. கடல் காற்றில் இந்த ஊரில் அது வழக்கம். சோடா உப்பு கலந்த வெந்நீர் ஊற்றித் துலக்கி வாசலின் தடவ வேண்டும். எனக்குள் ஒரு நிம்மதி வந்ததை மறைக்க மாட்டேன். டெர்மினல்தான் காரணம், சார்ஜ் போட்டிருந்தாலும் நின்றிருக்கும் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். பிறகு பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். ஆறு செல்லிலும் மிதவை ஒரே மாதிரி அடியில் உட்கார்ந்தது, 1.140. நிறைந்திருந்தால் 1.250-க்கு மேல் நிற்க வேண்டும். சார்ஜ் இல்லை, வேறொன்றுமில்லை. டெர்மினல் காரணமாக இருந்திருந்தாலும்தான் என்ன, அதைத் துலக்கும் வேலையும் என்னுடையதுதான்.

இப்போது அந்த டிரெய்லருக்கு 16 சதுர மில்லிமீட்டர் கேபிள் இழுத்திருக்கிறேன், ஃபியூஸோடு. பவர் பேக்கை முன்னால் மாற்றிவிட்டேன், குமிழைத் திருக யாரும் அடியில் போக வேண்டாம். முட்டுக் கட்டையை டிரெய்லரிலேயே சங்கிலி போட்டு மாட்டியிருக்கிறது. காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அளந்து நோட்டில் எழுதுகிறேன். 12.4-க்குக் கீழே என்றால் அன்று ராத்திரி சார்ஜர். டிரைவர் முக்குது என்று சொன்னால் மீட்டர் என்ன காட்டினாலும் சார்ஜர். போன மாதம் புது டிரைவர் அப்படிச் சொன்னான். ராத்திரி முழுக்கப் போட்டேன். காலையில் பார்த்தால் ஹைட்ராலிக் ஆயில் குறைவு, பேட்டரியில் ஒன்றுமில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. அடுத்த தடவை யாராவது சொல்லும்போது முதலில் மீட்டரைத்தான் எடுப்பேனோ என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது.

அவன் இப்போது வேறொரு இடத்தில் லாரி ஓட்டுகிறான். பொங்கலுக்கு முன்னால் செம்மண்டலத்தில் டீக்கடையில் பார்த்தேன். "அந்த டிரெய்லர் எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டான். கேபிள் மாற்றியதைச் சொன்னேன், பவர் பேக் முன்னால் வந்ததைச் சொன்னேன், நோட்டைப் பற்றிக்கூடச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். முழங்கையில் அந்த இடம் இன்னும் வெளுத்துத் தெரிந்தது. "நல்லதுண்ணே, இனிமே முக்காது" என்றான். நான் சொல்ல வந்ததை அப்போதும் சொல்லவில்லை.