குவைத்துக்கு ஒரு பெட்டி

"முறுக்கு மட்டும் வேண்டாம்" என்றார் பொறுப்பாக நின்ற பெண்மணி, சிரித்துக்கொண்டேதான். வீட்டில் செய்த எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாதாம். கடையில் வாங்கி, உறை பிரிக்காமல் இருந்தால் சரியாம். முந்தின இரவு ஓமம் போட்டுப் பிழிந்த ஒரு டின் முறுக்கைப் பொதி கட்ட வந்தவர்களே நின்றபடி தின்று தீர்த்தார்கள். ஒரு தாத்தா திரும்பத் திரும்ப டின்னுக்குள் கைவிட்டதைப் பார்த்ததும் என் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது.

இங்கே அமெரிக்காவின் ஒஹாயோவில் நவம்பர் வந்தால், கடல் கடந்த முகாம்களில் இருக்கும் படையாட்களுக்குக் கிறிஸ்துமஸ் பொதி அனுப்புவது ஊரே கூடிச் செய்கிற வேலை. காலுறை, உதட்டுக்குப் பூசும் களிம்பு, கோப்பித் தூள், சீட்டுக்கட்டு, மாட்டிறைச்சி வற்றல். (கருவாட்டின் அருமை தெரியாதவர்கள்.) தபால் கந்தோர் இதற்கென்றே ஒரு பெட்டி வைத்திருக்கிறது. நீளமும் அகலமும் 12 அங்குலம். 70 ராத்தல் வரை எவ்வளவு பாரம் திணித்தாலும் ஒரே கட்டணம், அதுவும் உள்ளூர்க் கட்டணம். வளைகுடாவுக்குப் போவதென்றால் பன்றி இறைச்சியும் மதுவும் ஆகாது. முன்பெல்லாம் "யாராவது ஒரு சிப்பாய்க்கு" என்று எழுதினாலே போய்ச் சேருமாம். 2001இல் தபாலில் அந்த்ராக்ஸ் கிருமி வந்ததோடு அது நின்றுபோனது. இப்போது ஆளின் பெயர் வேண்டும்.

எனக்கு வந்தது பக்கத்து வீட்டுப் பையனின் பெயர். அவன் குவைத்தில் இருக்கிறான். விலாசத்தில் குவைத் என்று எழுதப் போனேன், பெண்மணி பேனாவைப் பிடித்துக்கொண்டார். நாட்டின் பெயரை எழுதினால் பெட்டி அந்நாட்டுத் தபாலுக்குள் போய் மாட்டிக்கொள்ளுமாம். பெயர், படைப்பிரிவு, படைத் தபாலுக்கான ஏ.பி.ஓ., ஏ.ஈ. என்ற குறிகள், 09 என்று தொடங்கும் எண். அவ்வளவுதான் விலாசம்.

எங்களுக்கும் விலாசம் அவ்வளவுதான் இருந்தது. இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வரிசை வீடான லயத்துக்கும் இலக்கம் கிடையாது, அதிலுள்ள காம்பரா அறைக்கும் கிடையாது. ஆளின் பெயர், டிவிஷன், தோட்டம். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வந்து கிளாக்கர் ஐயாவின் மேசையில் கிடக்கும். யாராவது வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துக்கு எடுத்துவந்தால் கைக்குக் கிடைக்கும். அண்ணனை ஆசிரியர் வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம், பரீட்சை முடிந்த பிறகு வந்தது. அவன் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் போய் நின்றான். யுத்த காலம். சந்திக்குச் சந்தி சீருடைக்காரனிடம் அடையாள அட்டையை நீட்டியே அவன் இளமை போனது. அதனால்தானோ என்னவோ, வாழ்த்து அட்டையில் "உங்கள் சேவைக்கு நன்றி" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. "குளிருக்கு இந்தக் காலுறை" என்று மட்டும் எழுதினேன்.

குவைத்தில் அம்மாவும் இருந்தவர்தான். சதாமின் படை வந்து போன சில வருஷங்களுக்குப் பிறகு வீட்டு வேலைக்குப் போனார். அவருடைய விலாசம் முதலாளியின் தபால் பெட்டி எண். கடிதமே, பாபா என்று அவர் அழைத்த அந்த முதலாளியின் கையைத் தாண்டித்தான் அவரிடம் போகும். தோட்டத்தில் தீபாவளி அட்வான்ஸ் கொடுத்ததும் அப்பா மாவும் சீனியும் வாங்கிவருவார். அம்மாயி அதிரசம் சுடுவார். முதல் சட்டியிலேயே அம்மாவின் பங்கைத் தனியே எடுத்துக் கட்டிவிடுவோம். ஹட்டனிலிருந்து குவைத் புறப்படுகிற அக்காமார் யாரிடமாவது கொடுத்துவிடுவோம். ஆனால் அந்த அக்காவுக்கு வேறு வீடு, வேறு முதலாளி, வெளியே இறங்க விடமாட்டார்கள். ஒரு பொட்டலமும் போய்ச் சேரவில்லை. அங்கிருந்து மட்டும் டாங் பானத்தூள், நிடோ பால்மா, கோடாலித் தைலம் என்று வந்துகொண்டே இருந்தன. வருஷக்கணக்காக நாட்டுக்கு டொலர் அனுப்பியவளுக்கு ஒரு ராத்தல் அதிரசம் கொண்டுபோய்ச் சேர்க்க எந்த அரசாங்கமும் இப்படி ஓர் எண் வைக்கவில்லை. பெட்டிக்கு நாடா ஒட்டி முடிப்பதற்குள் எனக்கு அந்த எரிச்சல் தலைக்கேறிவிட்டது. பாவம், பையன் என்ன செய்வான்?

மற்றபடி இந்த ஊர் பழகிவிட்டது. வலப்பக்கம் வண்டி ஓட்டுகிறேன், வாசலில் பனி வழிக்கிறேன். தபால்காரர் என் பெயர் எழுதிய பெட்டியை என் வாசலிலேயே வைத்துவிட்டுப் போகும்போது மட்டும், யாராவது எடுத்துப்போய் ஆபீசில் கொடுத்துவிடுவார்களோ என்று ஓடுகிறேன்.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன்.

"சொக்லேட் வச்சியாடி?"

"உருகிடுமாம், வேணான்னுட்டாங்க."

"எந்தக் கூறுகெட்டவ சொன்னா? டிசம்பர்ல அங்க ராவானா நம்ம ஊரு மாதிரி வெடவெடக்கும். மொட்ட மாடியில துணி காயப்போட்டு கை வெறச்சுக் கெடந்தவ நானு. சொக்லேட்ட வையி. தலைக்கு எண்ணெயும் வையி, அந்தத் தண்ணிக்கு முடி கொத்துக் கொத்தா கொட்டும்."

"பட்டாளத்துக்காரனுக்கு ஏதும்மா முடி?"

"அப்ப காலுக்குத் தேய்க்கட்டும்."