63 எழுத்துகள்

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் உதவி அரசு வழக்கறிஞராக (ஏ.பி.பி.) இருப்பவரின் காலைப்பொழுது ஒரு காலத்தில் வழக்குக் கட்டுகளைத் தேடுவதிலேயே கழிந்தது. கட்டு ஸ்டேஷனில் இருக்கும். அதைக் கொண்டுவர வேண்டிய ஏட்டு திருவிழா பந்தோபஸ்துக்குப் போயிருப்பார். வழக்கு வாய்தா போகும். காவல்துறை, நீதிமன்றம், சிறை, தடயவியல், அரசு வழக்கு நடத்தும் துறை ஆகிய ஐந்தையும் இணைக்கும் ஐ.சி.ஜே.எஸ். தளம் வந்தபின் இந்த அலைச்சல் கணிசமாகக் குறைந்திருக்கிறது. ரிமாண்ட் செய்யப்பட்ட நாளிலிருந்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, கட்டாயப் பிணை கிடைத்துவிடும். அந்தக் கெடு நெருங்குவதை முன்கூட்டியே பார்க்க முடிவது பெரிய நிம்மதி. காயச் சான்றிதழ் கொடுத்துவிட்டு இடமாறிப் போன மருத்துவர் காணொலியில் சாட்சியம் சொல்வதும் அப்படித்தான். உச்ச நீதிமன்றம் 2003இலேயே பிரஃபுல் தேசாய் வழக்கில் அதற்கு வழி திறந்துவிட்டது. நம் ஊர் நீதிமன்றங்களுக்கு அது வந்துசேரத்தான் இத்தனை காலம்.

காகிதத்தின் ஓட்டத்தைக் கணினி சீர்செய்துவிட்டது, சாட்சியத்தில்தான் இடறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, மின்னணுப் பதிவோடு இரண்டு பகுதிகள் கொண்ட சான்றிதழைக் கேட்கிறது. ‘அ’ பகுதியில் பதிவுக் கருவிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும், ‘ஆ’ பகுதியில் நிபுணர். பதிவின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பிலிருந்து கணக்கிடப்படும், அதன் கைரேகை போன்ற எழுத்துக்கோவையையும், அதில் குறிக்க வேண்டும்.

ஒரு வழிப்பறி வழக்கு. பேக்கரி வாசலில் இருந்த கேமராவில் எதிரியின் முகம் தெளிவாக விழுந்திருந்தது. கேமரா பதிவுகளைச் சேமிக்கும் டி.வி.ஆர். கருவியிலிருந்து பென்டிரைவில் எடுத்து, கைப்பற்றல் மகஜர் போட்டு, சான்றிதழும் வாங்கியிருந்தார்கள். திரையில் வந்த ஹாஷைப் பார்த்து ஸ்டேஷன் எழுத்தர் கையால் தட்டச்சு செய்திருந்தார். எஸ்.எச்.ஏ.256 முறையில் எடுத்த ஹாஷ் என்றால் 64 எழுத்துகள் இருக்க வேண்டும். எதிரித்தரப்பு வழக்கறிஞர் பென்சில் முனையை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார். 63தான் இருந்தது.

சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் சொன்ன உச்ச நீதிமன்றமே, விசாரணை முடிவதற்குள் அதைத் தாக்கல் செய்ய அனுமதிக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. அது பழைய சட்டத்தின் 65பி பிரிவைப் பற்றிய தீர்ப்பு என்றாலும், மனுப் போட அதுவே துணை. ஆனால் புதுச் சான்றிதழ் வாங்குவது அத்தனை எளிதல்ல. கடைக்காரர் கடையைக் காலி செய்துவிட்டார், டி.வி.ஆர். பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிக்கொண்டு போயிருந்தது. பென்டிரைவை வைத்து ஹாஷை மறுபடி கணக்கிடலாம்தான். ஆனால் இன்று எடுக்கும் ஹாஷ் இன்றைய பென்டிரைவுக்குத்தான் சாட்சி. கைப்பற்றிய அன்று உள்ளே இருந்தது இதுவேதான் என்று அது எப்படிச் சொல்லும்? காவலர்கள் எடுக்கும் சோதனைப் பதிவுகளுக்கு இ-சாக்ஷ்யா செயலி இருக்கிறது. கடைக்காரரின் டி.வி.ஆர். வேறு கதை. ‘ஆ’ பகுதியில் கையெழுத்திடும் நிபுணர் யார் என்ற வாதமும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. உபகோட்டத்துக்கு ஒருவரையாவது அந்த வேலைக்கென நியமித்துவிட்டுச் செயலிகளைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்கும்.

ஐ.சி.ஜே.எஸ். தளத்தில் ஒரே திரையில் காவல்துறையோடு உட்கார்ந்திருப்பதிலும் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. வழக்கு நடத்துவோர் காவல்துறையின் பிடியில் இருக்கக் கூடாது என்று 1995இல் எஸ்.பி. ஷஹானே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வரைவுக் குற்றப்பத்திரிகையில் குறை கண்டால் முன்பெல்லாம் வாய்மொழியாகச் சொல்லித் திருப்பி அனுப்புவோம், எதுவும் பதிவாகாது. இப்போது நாள், நேரத்தோடு நிற்கிறது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான், ஏனென்றால் “ஏ.பி.பி. பார்த்துவிட்டார்” என்று சும்மா எழுதிவிட முடியாது. ஆனால் சாட்சியம் போதவில்லை என்று நான் எழுதும் குறிப்பை எந்தெந்த அதிகாரி திறந்து பார்க்கலாம் என்பதை லாகின் அனுமதி தீர்மானிக்கிறது. அந்த அனுமதிப் பட்டியலை வகுப்பவர்கள் வழக்கு நடத்துவோரையும் அழைத்து ஒருமுறை கேட்கலாம்.