தென்னை மரத்தில் ஒரு வளையம்

பிலிப்பைன்ஸின் பொஹோல் தீவில் இறங்கிய அன்றே எண்ணத் தொடங்கிவிட்டேன். தக்பிலாரனிலிருந்து லோபோக் போகும் சாலையில், அரைமணி நேரத்துக்குள் பதினாறு கூடைப்பந்து வளையங்கள். ஒன்று தென்னை மரத்தில் ஆணியடித்திருந்தது. இன்னொன்று தேவாலயச் சுவரோரம். கட்டடக் கம்பியை வளைத்து, பழைய பலகையில் பொருத்திய ஒன்று கோழிக்கூண்டுக்கு மேலேயே நின்றது. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

பிலிப்பைன்ஸ் ஆண்களின் சராசரி உயரம் சுமார் 163 செ.மீ. வளையம் இருப்பதோ தரையிலிருந்து 305 செ.மீ. உயரத்தில். வேறு ஆட்டம் எதுவும் இவர்களுக்கு வரவில்லையா என்றால், நன்றாகவே வருகிறது. குத்துச்சண்டையில் மேனி பாக்கியாவ் இருக்கிறார். 2021-ல் டோக்கியோவில் 55 கிலோ பிரிவில் பளு தூக்கி, நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கியவர் ஹிடிலின் டியாஸ். 2024-ல் பாரிஸில் ஜிம்னாஸ்டிக்ஸில் கார்லோஸ் யூலோ இரண்டு தங்கம் வென்றார். எடை பார்த்துப் பிரிக்கும் ஆட்டத்திலும், சின்ன உடம்பு வசதியாக இருக்கும் ஆட்டத்திலும் பதக்கம் வருகிறது. ஆனால் தெருவில் பையன்கள் தட்டிக்கொண்டு போவது கூடைப்பந்தைத்தான். பாக்கியாவே சும்மா இருக்கவில்லை. 2014-ல் தொழில்முறைக் கூடைப்பந்து அணி ஒன்றில் சேர்ந்து களமிறங்கினார்.

என் உயரம் ஐந்தடி பதினொன்று. இதை ஒரு தகுதியாக யாரும் மதித்தது அந்தத் தீவில்தான். விடுதிக்கு எதிரே மூன்றுக்கு மூன்று ஆடிக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் ‘சென்டர், சென்டர்’ என்று கூப்பிட்டு வளையத்துக்கு அடியில் நிறுத்தினார்கள். எதிரணியில் ஒரு ட்ரைசிக்கிள் (பக்கத்தில் இருக்கை பொருத்திய மோட்டார் சைக்கிள்) ஓட்டுநர். நாற்பது வயது இருக்கும். லேசான தொப்பை, காலில் ரப்பர் செருப்பு, என் தோளுக்குக் கொஞ்சம் மேலே தலை. எல்லோரும் அவரை ‘குயா’, அதாவது அண்ணன் என்று அழைத்தார்கள்.

குயா நேராக என்னை நோக்கி ஓடிவந்து எம்பினார். நானும் கையைத் தூக்கினேன். அந்தரத்தில் பந்தை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றி, என் அக்குளுக்குக் கீழாக விட்டுச் சுழற்றினார். பந்து பலகையில் பட்டு உள்ளே விழுந்தபோது என் கை இன்னும் மேலேதான் இருந்தது. இதே கதை நான்கைந்து முறை நடந்தது. சரி, உயரம் மட்டும் போதாது என்று எனக்குப் புரிந்தது. தோற்றவர்கள் குளிர்பானம் வாங்க வேண்டும் என்பது விதி. வாங்கினேன்.

குடிக்கும்போது, குள்ளமானவர்களுக்கு இந்த ஆட்டம் கஷ்டமில்லையா என்று கொஞ்சம் நாசூக்காகக் கேட்டேன். குயாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. ‘குள்ளமா? யாரைவிட?’ என்றார்.

அதுதானே. அந்தத் திடலில் என்னைத் தவிர எல்லோரும் ஏறக்குறைய ஒரே உயரம். வெளிநாட்டு அணி வந்தால்தான் அங்கே குள்ளம் என்ற பேச்சே எழுகிறது. பிபிஏ என்கிற அவர்களின் தொழில்முறை லீக் 1975-ல் தொடங்கியது. ஆசியாவில் அதுதான் முதல். அதில் சில தொடர்களில் வெளிநாட்டு வீரருக்கு உயர வரம்பு வைத்து, ஆளை நிறுத்தி அளந்து பார்த்துத்தான் சேர்க்கிறார்கள். எனக்குப் பிடித்த விதி.

மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட ஸ்பெயின்காரர்களிடமிருந்து மதம் ஒட்டிக்கொண்டது, கால்பந்து அவ்வளவாக ஒட்டவில்லை. அப்புறம் வந்த அமெரிக்கர்கள் பள்ளிகளிலும் ஒய்எம்சிஏவிலும் கூடைப்பந்தைக் கொண்டுவந்தார்கள். சந்து முனையும் ஒரு வளையமும் போதும், ஆடலாம். உலகம் முழுக்க ஏழடிக்காரர்கள் முளைப்பதற்கு முன்பே இவர்கள் ஜெயிக்கவும் தொடங்கிவிட்டார்கள். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவிடம் மட்டும் தோற்று ஐந்தாம் இடம் பிடித்தார்கள். அங்கே வெண்கலம் வாங்கிய மெக்சிகோவையும் இவர்கள் வீழ்த்தியிருந்தார்கள். 1954 உலகப் போட்டியில் வெண்கலம் இவர்களுக்கே. அதன் பிறகு காத்திருப்பும் நீளமானது. 1962-க்குப் பின் ஆசிய விளையாட்டுத் தங்கம் திரும்பக் கிடைத்தது 2023-ல்தான். அதே 2023-ல் உலகக் கோப்பையின் முதல் நாள் ஆட்டத்துக்கு 38,115 பேர் திரண்டார்கள். உலகக் கோப்பை வரலாற்றில் அத்தனை கூட்டம் அதற்குமுன் வந்ததில்லை. அன்று பிலிப்பைன்ஸ் தோற்றது என்பது வேறு விஷயம்.

மாலையில் ஊர்ப் பொதுத் திடலுக்குப் போனேன். பெரும்பாலான பரங்காய்களில், அதாவது ஊர்ப் பிரிவுகளில், கூரை போட்ட ஒரு திடல் இருக்கிறது. கூட்டம், நடனம், திருப்பலி எல்லாம் அங்கேயேதான். புயல் வந்தால் பாய் விரித்துப் படுப்பதும் அங்கேதான். பலகையில் ஓர் அரசியல்வாதியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. கூடைப்பந்து நட்சத்திரம் ராபர்ட் ஜவோர்ஸ்கி 1998-ல் செனட்டரான நாட்டில் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மறுநாள் துறைமுகத்துக்கு குயாவின் ட்ரைசிக்கிளில் கிளம்பினேன். வழியில் பாதிச் சாலையை மறித்துப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். குயா இன்ஜினை அணைத்தார். படகுக்கு இருபது நிமிடம்தான் இருந்தது. ஹாரன் அடியுங்கள் என்றேன்.

‘இருங்கள், இன்னும் ஒரு பாயின்ட்தான்’ என்றார், பந்திலிருந்து கண்ணை எடுக்காமல்.