ஃப்ளின் ஃப்ளானுக்குப் பனிக்காலத்தில் போங்கள்

கனடாவின் மானிடோபா மாகாணத்து வடக்கில், சஸ்காட்செவன் எல்லையை ஒட்டி இருக்கும் சுரங்க ஊர் ஃப்ளின் ஃப்ளான். மீன் பிடிக்கப் போகிறவர்களுக்கு எல்லாரும் ஜூலையைத்தான் சொல்வார்கள். ஊர் மனிதர்களைப் பார்க்க வேண்டுமானால் செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே, பாம்பர்ஸ் அணி ஆடும் நாளில் போக வேண்டும். ஏறக்குறைய 5,000 பேர் வாழும் ஊருக்கு 1927 முதல் இருக்கும் ஐஸ் ஹாக்கி அணி இது.

மாகாணத் தலைநகர் வின்னிபெக்கிலிருந்து கிளம்பினால், கடைசிக் கட்டம் 10ஆம் எண் நெடுஞ்சாலை. 'த பா' ஊரில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்குமேல் 140 கிலோமீட்டர் காடும் ஏரியும்தான். இருட்டுமுன் போய்ச் சேருங்கள். மூஸ் மானுக்குக் கால்கள் நெட்டை. கார் மோதினால் அதன் உடல் நேராக முன்கண்ணாடியில் வந்து விழும். வாடகைக் காரில் பிளாக் ஹீட்டர் (எஞ்சினைச் சூடாக வைக்கும் மின்கருவி) இருக்கிறதா என்று கேட்டு எடுங்கள். மைனஸ் 30 டிகிரியில் எஞ்சின் ஆயில் கெட்டிப்படும், பேட்டரியும் சோர்ந்துவிடும். கிளம்ப இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போதே பிளக்கைச் செருகிவிட வேண்டும். அதற்கு வீட்டுக்குள் பயன்படுத்தும் சாதாரண ஒயர் வேண்டாம், அந்தக் குளிரில் விறைத்து விரிசல் விட்டுவிடும்.

ஆட்டம் 1958இல் கட்டிய விட்னி ஃபோரம் அரங்கில். உள்ளேயும் குளிர்தான், கோட்டைக் கழற்ற முடியாது. ஆடுகளத்தைச் சுற்றியுள்ள கண்ணாடியை ஒட்டி உட்கார ஆசை வரும். மேல் வரிசையே மேல். அங்கிருந்துதான் பாஸ் எங்கே போகிறது என்று புரியும். பக் சுமார் 170 கிராம் எடையுள்ள ரப்பர் வட்டு, துள்ளாமல் இருக்க உறைய வைத்துத்தான் இறக்குவார்கள். அது கண்ணாடிக்கு மேலே பறந்து வரும், ஆகவே ஆட்டம் ஓடும்போது போனைப் பார்க்காதீர்கள். 20 நிமிடம் வீதம் மூன்று பகுதி. இடைவேளைகளையும் சேர்த்தால் இரண்டரை மணி நேரம். ஐம்பது-ஐம்பது குலுக்கலுக்குச் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்: திரளும் பணத்தில் பாதி வென்றவருக்கு, பாதி அணிக்கு.

அந்தப் பாதி இப்போது முன்னைவிட முக்கியம். ஒரு காலத்தில் சுரங்க நிறுவனமே ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தது. 1957இல் கனடா ஜூனியர் ஹாக்கியின் உச்சப் பரிசான மெமோரியல் கோப்பையை வென்றதும், உள்ளூர்ப் பையன் பாபி கிளார்க் நீரிழிவோடு ஆடி 1969இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா தொழில்முறை அணிக்குப் போனதும் அந்தக் காலத்தில்தான். உருக்காலை 2010இல் மூடியது, 777 சுரங்கம் 2022இல். அணியைத் தாங்குவது இனி ஊர்தான். வெளியூரிலிருந்து வரும் 16 முதல் 20 வயதுப் பையன்களை உள்ளூர்க் குடும்பங்கள் வீட்டில் வைத்துக்கொள்கின்றன, 'பில்லெட்' என்பார்கள். அணி மாதாமாதம் ஒரு தொகை தரும். பதின்வயது ஹாக்கிக்காரன் சாப்பிடும் சாப்பாட்டுக்கு அது எந்த மூலைக்கு!

பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) சமயத்தில் போனால், ஐஸ்மேல் மூஸ் கால் ஒன்று வந்து விழுவதைப் பார்க்கலாம். நிஜக் கால்தான். ரசிகர்களின் வழக்கம் அது.

ஊர் மானிடோபாவில், அணி ஆடும் லீக் சஸ்காட்செவனில். இதில் ஒரு சிக்கல் உண்டு. சஸ்காட்செவன் கடிகாரத்தை மாற்றுவதில்லை. நவம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை இரண்டு பக்கமும் ஒரே நேரம். மற்ற மாதங்களில் ஃப்ளின் ஃப்ளான் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். சஸ்காட்செவன் பக்கத்து நிபாவினுக்கோ மெல்ஃபோர்ட்டுக்கோ வெளியூர் ஆட்டம் பார்க்கக் கிளம்பினால், அட்டவணையில் இருப்பது எந்த ஊர் நேரம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அறையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். தொலைவு காரணமாக எதிரணிகள் பெரும்பாலும் அடுத்தடுத்து இரண்டு இரவு ஆடிவிட்டுத்தான் திரும்பும். ஒரு பஸ் நிறைய ஆட்கள் தங்கினால் சின்ன ஊர் மோட்டலில் மிச்சம் என்ன இருக்கும்?