வேலியில் படர்ந்தது களை இல்லை

நான் திருநெல்வேலிக்காரி. கல்யாணமாகி வந்து சேர்ந்த ஊரும் திருநெல்வேலிதான், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி. இங்கே பேச்சில் அது தின்னவேலி. சென்னையிலிருந்து பலாலிக்கு 2022 டிசம்பரில் விமானம் மறுபடி ஓட ஆரம்பித்த சில வாரங்களில் வந்தேன். ஒரே மொழி, ஊர்ப் பெயரும் ஒன்று, பழகுவதற்கு என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தவள், முதல் வாரமே அடுப்படியில் திணறினேன். பூண்டு இங்கே உள்ளி. சுக்கு வேர்க்கொம்பு. எலுமிச்சை தேசிக்காய். நம்ம ஊர்க் கீரைப் பொரியல் இங்கே வறை. அத்தையை மாமி என்று கூப்பிடவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அப்புறம் தண்ணீர். தாமிரபரணி வாய்க்காலில் குளித்து வளர்ந்தவள் நான். இங்கே வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, கிணற்றில் ஊறினால்தான் உண்டு. அதனால் குளிக்கிற தண்ணீர் வாழைக்கு, அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்கு என்று மாமி வீட்டில் ஒரு கணக்கு உண்டு. வளவில், அதாவது வீட்டைச் சுற்றிய தோட்டத்தில், எந்தச் செடி எங்கே நிற்கிறது என்பதே தண்ணீர் போகிற வழியை வைத்துத்தான்.

அடுத்து வந்த ஐப்பசியில் மழை விழுந்ததும் கிளுவை வேலி முழுக்கக் கொடி ஏறிவிட்டது. வீட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்கு. மாமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, ஒரு காலைப்பொழுது முழுக்க நின்று எல்லாவற்றையும் இழுத்துப் பிடுங்கிக் குவித்தேன். திரும்பி வந்தவர் படலையடியிலேயே, வேலி வாசலிலேயே, நின்றுவிட்டார்.

"ஐயோ பிள்ளை, கஞ்சிக்கு விட்ட கொடியெல்லோ!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமி திட்டவில்லை. குவியலுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, வாடாத இலையாகப் பார்த்து ஆய ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் என் கையில் தந்தார். உள்ளங்கையில் சொரசொரவென்று உரசினால் அது மொசுமொசுக்கை. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெள்ளிப் பட்டு மாதிரி மினுங்கினால் முசுட்டை. கிணற்றடியில் நின்ற தவசி முருங்கையிலும் ஒரு பிடி ஒடித்தார். பெயரில்தான் முருங்கை, அது வேறு செடி; இருமலுக்கு நல்லது என்பார்கள். எல்லாவற்றையும் அரைத்துச் சாறு பிழிந்து, உள்ளி போட்டுக் குழைய வேகவைத்த அரிசியில் ஊற்றி, தேங்காய்ப்பால் விட்டு, இறக்கின பிறகு தேசிக்காய்ப் புளி. இலைக்கஞ்சி. அன்று குடித்தது இப்போதும் தொண்டையில் இருக்கிறது: முதலில் பச்சை வாசனை, பின்னால் லேசான கசப்பு, கடைசியில் பால்.

வல்லாரையை எனக்கு ஏற்கெனவே தெரியும், ஆனால் மருந்தாக. பரீட்சைக்கு முன்னால் அம்மா தேனில் குழைத்துத் தரும் பொடி. இங்கே அது மத்தியானச் சோற்றுக்குச் சம்பல். பொடிப்பொடியாக அரிந்து வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ (துருவல்தான்), உப்பு, தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைந்தால் சரி. அடுப்பே வேண்டாம். இதில் வெங்காயம் என்றால் சின்னதுதான். பெரியதைப் பம்பாய் வெங்காயம் என்பார்கள். புளியைக் கடைசியில் விட வேண்டும், இல்லாவிட்டால் இலை கறுத்துப்போகும்.

நான் முதலில் நட்ட வல்லாரை சித்திரை வெயிலில் கருகிவிட்டது. செம்மண் அழகாக இருக்கிறதே என்று நடு முற்றத்தில் நட்டது தப்பு. ஒரு கணுவை எடுத்து, வாழை நிழலில், சோப்புத் தண்ணீர் போகாத பக்கமாக மாமி வைத்தார். அது ஓடி ஓடி வேர்விட்டு இப்போது ஒரு பாத்தி நிறைய இருக்கிறது.

ரம்பை எனக்கு முழுக்கவே புதிது. தாழங்கன்று என்றுதான் நினைத்தேன். உண்மையிலேயே தாழையின் இனம்தானாம். பச்சையாக முகர்ந்தால் பெரிதாக வாசனை இல்லை. மீன்குழம்பில் இலையில் ஒரு துண்டு போட்டுக் கொதித்ததும் புது அரிசி வேகிற மணம் எழும்பும்.

நான் கொண்டுவந்து சேர்த்தது ஒன்றே ஒன்று, மல்லித்தழை. இங்கே மல்லி என்றால் விதைதான்: தூளுக்கு, ரசத்துக்கு, தடிமனுக்கு (ஜலதோஷத்துக்கு) வேர்க்கொம்பு தட்டிப் போட்ட மல்லித்தண்ணிக்கு. தழையைத் தேடுவது நான் மட்டும்தான். அதனால் அடுப்படியில் இருந்த விதையையே இரண்டாக உடையும்படி தேய்த்து, கார்த்திகையில் விதைத்தேன். மார்கழிக் குளிரில் நன்றாக வந்தது. மாசி வெயில் ஏறினதும் பூத்துவிட்டது. தை மாதம் ஒருநாள் எங்கள் ஊர்ச் சொதி வைத்தேன், பாசிப்பருப்பும் இஞ்சியும் போட்டுக் கெட்டியாக, மேலே மல்லித்தழை தூவி. இங்கத்தைய சொதி இடியப்பத்துக்கு ஊற்றுகிற தண்ணிப் பதம். மாமி இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "இதுக்கும் சொதியெண்டுதான் பேரோ?" என்று கேட்டார். அடுத்த கிழமை அவரே பாத்தியில் மல்லி கிள்ளிக்கொண்டிருந்தார்.

மழைக்காலத்தில் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருக்கிறேன். சட்டிக்கு அடியில் தட்டு வைப்பதில்லை, தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு, நம்ம ஊர்க் கொசு, வரும். காய்ச்சல் என்றால் கஷாயத்தோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம்.

இந்த வருடமும் முதல் மழை விழுந்துவிட்டது. நேற்று வேலியோரம் மொசுமொசுக்கை முளைத்திருப்பதைப் பார்த்து, கிளுவைக் கொப்பில் நானே நூல் கட்டிவிட்டேன். பெருமழைக்கு முன்னால் வல்லாரைப் பாத்திக்கு வரம்பு போட வேண்டும்.