ஒரு மீற்றர் குழாயில் நடக்கும் கைனசின்

மருமகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். போன மாதம் ஒருநாள் வந்து, "மாமா, முள்ளந்தண்டில இருக்கிற நரம்புக்கலத்தில இருந்து கால் மட்டும் புடகங்கள் எப்படிப் போகுது? மிதந்தா?" என்று கேட்டாள். புடகம் என்றால் கலத்துக்குள் சரக்கு ஏற்றும் மிகச்சிறிய சவ்வுப் பை. அது மிதந்து போக முடியாது. ஒரு கலத்தின் அகலத்துக்கு, தானாக மிதந்து பரவும் பரவல் போதும். நரம்புக்கலத்திலிருந்து கால் வரை ஓடும் நீண்ட இழையான அக்சோன் ஏறத்தாழ 1 மீற்றர் நீளம், அதற்கு ஆயுள் முழுதும் காத்திருந்தாலும் சரக்கு வந்து சேராது. உள்ளே நுண்புன்குழாய்கள் தண்டவாளம்போல் கிடக்கின்றன. கைனசின் என்ற புரதம் புடகத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு அதன்மேல் நடக்கிறது. இதைச் சொன்னபோது அவள் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. சரி, செய்தே காட்டுவோம் என்று இறங்கினேன்.

அளவைப் பத்து இலட்சம் மடங்காக்கினேன். 1 நானோமீற்றர் 1 மில்லிமீற்றராகும். அப்புறம் எல்லாம் தானாகவே பொருந்தி வந்தது. நுண்புன்குழாயின் விட்டம் 25 நானோமீற்றர். கொழும்பு பழைய சோனகத் தெருவில் 25 மில்லிமீற்றர் பிவிசி குழாய் 1 மீற்றர் வெட்டி வாங்கினேன். நரம்புக் கடத்தியை, அதாவது நரம்பின் செய்தியை அடுத்த கலத்துக்குக் கொண்டுபோகும் இரசாயனத்தை, வைத்திருக்கும் புடகம் சுமார் 40 நானோமீற்றர். மேசைப்பந்து சரியாக 40 மில்லிமீற்றர். கைனசினின் பாதம் ஒவ்வொன்றும் குன்றிமணியளவு. இந்தக் கணக்கில் 1 மீற்றர் அக்சோன் 1000 கிலோமீற்றராகிவிடும். வேகமாகப் போகும் சரக்கு ஒரு நாளில் 400 மில்லிமீற்றர் வரை கடக்கும். அதாவது என் அளவில், கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஒரே நாளில்.

நுண்புன்குழாயைச் சுற்றி 13 வரிசைகளாக, அதைக் கட்டும் புரதமான டியூபுலின் அடுக்கப்பட்டிருக்கும். கடுதாசியில் 6 மில்லிமீற்றருக்கு ஒரு கோடாக 13 கோடுகள் கீறி, ஒவ்வொன்றிலும் 8 மில்லிமீற்றருக்கு ஒரு புள்ளி வைத்துச் சுற்றி ஒட்டினேன். அந்த 8 தான் கைனசினின் ஓர் அடி. அடிக்கு ஓர் ஏ.ரி.பி. (கலத்தின் சக்தி மூலக்கூறு) செலவு. கட்டுக்கம்பியை முறுக்கி 80 மில்லிமீற்றர் தண்டு, கீழே இரண்டு கால், நுனியில் குன்றிமணி, மேலே பந்து. ஒரு குன்றிமணிக்கு மட்டும் வெள்ளை பூசினேன், எந்தக் கால் எதுவென்று தெரிய வேண்டுமே.

பிறகு தொலைபேசியைத் தாங்கியில் நிறுத்தி, காலை நகர்த்தி நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுக்கத் தொடங்கினேன். முதல் நாள் எடுத்த 140 படங்களும் வீண். ஒவ்வொரு காலையும் 8 மில்லிமீற்றர்தான் நகர்த்தியிருந்தேன். ஓட்டிப் பார்த்தால் முன்கால் எப்போதும் முன்னாலேயே நிற்க, பின்கால் இழுபட்டு வந்தது, புழு ஊர்வதுபோல. கைனசின் அப்படிப் போவதில்லை என்று 2004 இல் ஒரு பாதத்தில் மட்டும் ஒளிரும் சாயம் ஒட்டிப் பார்த்தே காட்டிவிட்டார்கள். பின்னால் நிற்கும் பாதம் முன்னதைத் தாண்டி 16 நானோமீற்றர் அளவுக்குப் போய் ஊன்றுகிறது. சரக்கு நகர்வது 8 மட்டும். நாம் நடப்பதும் அப்படித்தானே! மறுநாள் வெள்ளைக் காலை 16, பிறகு சிவப்புக் காலை 16 என்று மாற்றி எடுத்தேன். ஓட்டிப் பார்த்தபோது அது நடந்தது. மருமகளைக் கூப்பிட்டேன். நாலைந்து தரம் போட்டுப் பார்த்தாள்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைக்குப் பக்கம். ரயில் போகிற ஒவ்வொரு முறையும் மேசை அதிர்ந்து பந்து ஆடும். அந்தப் படங்களைக் கழிக்கத்தான் நினைத்தேன். ஆனால் கலத்துக்குள் நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துக்கொண்டே இருக்க, புடகம் ஒரு கணமும் ஆடாமல் இருப்பதில்லை. ஆட்டம் இல்லாத படங்கள்தான் பொய் என்று தோன்றியது. அப்படியே வைத்துவிட்டேன்.

இன்னொரு பிழையை மருமகள் பிடித்தாள். நரம்புக் கடத்தி என்று பந்துக்குள் கடுகு நிரப்பியிருந்தேன். அசற்றைல்கோலின் போன்ற சிறு கடத்திகள் பெரும்பாலும் அக்சோனின் முடிவிடத்தில்தான் புடகத்துக்குள் ஏற்றப்படுகின்றன. கல உடலிலிருந்து புறப்படுவது அந்தப் புடகத்தை உருவாக்கும் சவ்வும் புரதங்களும். அதைச் சுமப்பதில் கிஃப்1ஏ என்ற கைனசின் வகைக்குப் பெரிய பங்கு. சிறு புரதத் துண்டுகளான நியூரோபெப்டைட்டுக் கடத்திகள் வேறு கதை, அவை கல உடலிலேயே பொதியாகிவிடும். கடுகைக் கொட்டி, பந்தை வெறுமையாக ஒட்டினேன்.

இப்போது 125 அடி, அடிக்கு 3 படம், மொத்தம் 375. ஓடி முடிய 31 வினாடி எடுக்கிறது. உண்மையான கைனசின் வினாடிக்கு ஏறத்தாழ 100 அடி வைக்கும், இந்தத் தூரத்துக்கு ஒரு வினாடிக்குச் சற்றே கூடப் போதும். தனி ஒரு கைனசின் பிடி நழுவி விழுவதும் ஏறத்தாழ இந்தத் தூரத்தில்தான், ஆகவே ஒரு பந்துக்குக் குறைந்தது இரண்டு மூன்று கைனசினாவது செய்ய வேண்டும்.

ஞாயிறு காலை சந்தையில் கணவாய் வாங்கினேன். 1985 இல் கைனசினைக் கண்டுபிடித்தது கணவாயின் தடித்த அக்சோனை வைத்துத்தான். வெட்டும்போது மருமகளிடம் அதைச் சொன்னேன். "அப்ப திரும்பி வாறது யார், மாமா?" என்றாள். டைனீன் என்ற இன்னொரு புரதம். அதன் கால்கள் இன்னும் நீளம், அடியும் ஒரே அளவில் விழாது. கம்பி வாங்க வேண்டும்.