டம்ளரின் அடிப்பக்கம்

காபி ஆறிவிட்டது. டம்ளரின் வாய் மட்டும் இன்னும் சரியாக வரவில்லை.

அல்சூர் வீட்டு மாடி. படம் வரையப் பழக ஆரம்பித்துப் பதினோரு நாள். நோட்டு முழுக்கக் கோடுகளும் நீள்வட்டங்களும்தான். அம்மா நேற்றே கேட்டுவிட்டாள்: "என்னடா, பக்கம் பக்கமா முட்டை போட்டு வெச்சிருக்க?"

இன்று டம்ளர். வாயை நீள்வட்டமாகப் போட்டேன், அடியை நேர்கோடாக இழுத்தேன். மேசை தட்டைதானே! பார்த்தால் யாரோ அரிவாளால் சீவிய இளநீர் மாதிரி இருக்கிறது.

அப்புறம்தான் உற்றுப் பார்த்தேன். கண்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வாய் ஒடுங்கித் தெரிகிறது. கீழே போகப்போக வட்டம் விரிகிறது. டபராவின் விளிம்பு இன்னும் உருண்டை. டம்ளரைக் கண்ணுக்கு நேரே தூக்கினால் வாய் வெறும் கோடு. நாற்பது வருஷமாக இதில்தான் குடிக்கிறேன்!

இத்தாலியக் கலை அறிஞர் ஆல்பெர்ட்டி 1435-லேயே, பார்க்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள் எப்படித் தெரியும் என்ற தூரக்காட்சிக் கணக்கை எழுதி வைத்துவிட்டார். சரி, எனக்கு இன்றுதான் டபராவில் கிடைத்தது.

கோடு மட்டும் இன்னும் நடுங்குகிறது. மணிக்கட்டால் இழுக்காதே, தோளிலிருந்து இழு என்கிறார்கள். புரியவில்லை.

காலையில் வாசலில் அம்மா கோலம் போட்டதை நினைத்துப் பார்த்தேன். நீளக் கோடு இழுக்கும்போது மணிக்கட்டு அசையவே இல்லை. கை மொத்தமும் தோளிலிருந்து போனது. ஒரே இழுப்பு.

"காபியைச் சுட வெச்சுத் தரட்டுமா, இல்ல இன்னும் வரைஞ்சு முடியலையா?"

இன்னும் முடியலைம்மா.